அல்லிநகரம் வரைக்கும் பாடணும்

"ஏ புள்ள, இது பஸ்ஸா, கச்சேரி மேடையா? எறங்கு மொதல்ல!"

முத்தமிழ்செல்வன் கண்டக்டர் தினமும் எங்களை இப்படித்தான் வரவேற்பார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவருடைய அரியலூர் வண்டி நிற்கிற கொஞ்ச நேரம்தான் எங்கள் பிழைப்பு. அதையும் கத்தியே கெடுப்பார்.

நான் இறங்க மாட்டேன். பாட ஆரம்பிப்பேன். என் தோழி நர்மதா டிபன் டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்துத் தாளம் தட்டுவாள்.

பிளஸ் டூ முடித்தாகிவிட்டது. திருச்சியில் காலேஜ் சீட்டும் கிடைத்தாகிவிட்டது. அப்பா லோடு ஏற்றுகிற இடத்தில் கையை ஒடித்துக்கொண்டதால் ஃபீஸ்தான் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் சீட்டு வேறு யாருக்கோ. அழுது பார்த்தேன். போரடித்தது. பாட வந்துவிட்டேன்.

முதல் நாள் சினிமாப் பாட்டு. ஒருத்தரும் நிமிரவில்லை. அதே பாட்டு ஒரிஜினலாகவே எல்லார் காதிலும் ஓடுகிறது, அப்புறம் என் தொண்டை எதுக்கு?

"பூவிழி, வேற என்னதான்டி பாடுறது?" என்றாள் நர்மதா.

வண்டியின் போர்டைப் பார்த்தேன். கவுல்பாளையம், பேரளி, மேலமாத்தூர், அல்லிநகரம், அரியலூர். அதையே பாட்டாக்கிவிட்டேன். ஊருக்கு நாலு வரி.

"பேரளி மாமா பருத்தி வித்தாரு, பணம் வரும் முன்னே பைக்கு எடுத்தாரு!"

பேரளிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்கள் கை சட்டைப் பைக்குள் போனது. தன் ஊர் பேர் வருகிறவரை ஒருத்தரும் காசு எடுப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். அரியலூருக்கு மட்டும் வரி கிடையாது. டவுன்காரங்க சிரிப்பார்கள், போட மாட்டார்கள். வண்டியில் பாதிப்பேர் அல்லிநகரம். எங்கள் துணிப்பை கனப்பதே அந்தக் கடைசி நாலு வரியில்தான்.

அதை நான் முடிக்கவும் முத்தமிழ்செல்வன் விசில் அடிக்கவும் சரியாக இருக்கும்.

"என் டைமிங்கைப் பாத்தியாடி?" என்பேன்.

"பாத்தேன். கண்டக்டர் மூஞ்சியையும் பாத்தேன். வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி."

பாடுகிற நேரம் முழுக்க அவர் படியில் நின்று சில்லறையை எண்ணிக்கொண்டே முனகுவார். "தொண்டையா இது? தகரத்த இழுத்த மாதிரி!" எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதன்கிழமை அவர் வரவில்லை. மாற்றாக வந்தவர் தங்கமான மனுஷன்.

"வாங்க பாப்பா! இந்த வயசுல உழைச்சுப் படிக்கணும்னு நெனக்கறீங்களே, பெரிய விஷயம். பாடுங்க, பாடுங்க!"

"கண்டக்டர்னா இப்படி இருக்கணும்," என்றேன் நர்மதா காதில்.

மேலமாத்தூர் பாதியில் விசில் அடித்துவிட்டார். வண்டி நகர்ந்தது. விழுந்தடித்துக் குதித்தோம். டப்பா மூடி டீக்கடை வரைக்கும் உருண்டு ஓடியது.

துணிப்பை காற்றில் ஆடியது. நேரே டைம் ஆபீஸுக்குப் போனேன். வண்டிகளுக்கு நேரம் பார்க்கிற நல்லுசாமி சார் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் புது ஆளு டயத்துக்கு முன்னாடியே வண்டிய எடுத்துட்டாரு. நீங்க கேக்க மாட்டீங்களா?"

அவர் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

"நீ பாட வந்ததுலேருந்து அந்த வண்டி இன்னைக்குத்தான் புள்ள டயத்துக்குப் போவுது!"

"என்னங்க சார் சொல்றீங்க?"

"முத்தமிழு தெனம் ஒரு கத சொல்லுவான். சில்லறைக் கணக்கு இடிக்குதும்பான், டயர்ல காத்து கம்மிம்பான். பின்னாடி வண்டிக்காரன் சண்டைக்கு வருவான். லேட்டுக்கு ஓனரு அவன் தினப்படிக் காசுலதான் புடிக்கறாரு. இன்னைக்கி அத விசாரிக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க."

நர்மதா என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த டைம் போர்டைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை அவர் வந்துவிட்டார்.

"வந்துட்டியா? நேத்து ஒரு நாள் காது நல்லா இருந்துச்சு."

எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுப்பேன். அன்று நேரே பாட்டில் இறங்கிவிட்டேன். கவுல்பாளையத்தையும் பேரளியையும் அவசர அவசரமாகப் பாடினேன். மேலமாத்தூர் முடிந்ததும் நிறுத்திவிட்டுக் கீழே குதித்தேன்.

"வண்டிய எடுங்கண்ணே. டயமாச்சு."

நர்மதா பின்னாலேயே குதித்து என் கையைக் கிள்ளினாள். "லூசா நீ? அல்லிநகரம்டி! நாளைக்கு ஃபீஸு கட்டணும், இன்னும் கொறையுது!"

"தெரியும். வா."

நாலடி நடந்திருப்போம். விசில் சத்தம் வரவில்லை. அவர் சத்தம்தான் வந்தது.

"ஏய் பாட்டுக்காரி! பாதியில எங்க ஓடற? அல்லிநகரத்து ஜனம் பூரா காசக் கையில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு!"

"லேட்டாயிடும்ணே. உங்களுக்குத்தான்..."

உறுமிக்கொண்டிருந்த வண்டியின் படியில் நின்றபடி, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி அவர் கத்தினார்.

"எவன் கேட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆவலன்னு சொல்லிக்கறேன், நீ ஏறு!"