ஏழாம் நம்பர்

எனக்கும் ஜெனிட்டாவுக்கும் கூடைப்பந்து அணியில் ஒரே இடம்தான். கோச் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பங்கிட்டிருந்தார். கடைசி நொடிகள் யாருக்கு என்பதை மட்டும் முன்னால் சொல்லமாட்டார். வெளியே வருகிறவள் உள்ளே போகிறவளின் கையைத் தட்டி, யாரைத் தடுக்க வேண்டும், அவள் எந்தப் பக்கம் வெட்டிப் போவாள் என்று சொல்லிவிட வேண்டும்.

போன ஆட்டத்தில் நான் வேண்டுமென்றே பக்கத்தை மாற்றிச் சொன்னேன். ஜெனிட்டா மூன்று முறை ஏமாந்தாள். மீதி நேரம் முழுவதும் எனக்குக் கிடைத்தது. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இன்று இறுதிப் போட்டி. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பதினோரு நொடி மிச்சம்.

"ஜெனி, வெளிய வா" என்றார் கோச்.

எப்போதும் தட்டிவிட்டுப் போகிறவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏழாம் நம்பர். லெஃப்ட்லதான் போவா."

"நெஜமாவா?"

"போடி, நேரமாச்சு."

நான் எழுந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். ஏழாம் நம்பர் பந்தைத் தட்டியபடி என்னை நோக்கி வந்தாள். வெளியே இருந்த ஐந்து நிமிடமும் நான் இவளைக் கவனித்திருக்கலாம். ஜெனிட்டா எப்போது தப்பு செய்வாள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.