ஆதாரமில்லாத முழுக்கு

"சத்தியமாச் சொல்றேங்க, ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நீங்க தொட்டியில முழுகி எழுந்ததை இந்த ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்!" பைபிள் மேல் கை வைத்தாள் போதகரின் மனைவி.

போதகர் மசியவில்லை. பாப்டிஸ்ட் சபையில் முப்பது வருஷப் பிரசங்கம். மிச்ச நேரமெல்லாம் சபை வரலாறு எழுதுவது. ஆதாரமில்லாமல் கொட்டாவிகூட விடமாட்டார். நூற்றாண்டு வரலாறு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இந்த நேரம் பார்த்து ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு தாளைக் காணோம். அவர் பெயர் இருந்த தாள்!

"கரையான் தின்னிருக்கும்."

"முன்னையும் பின்னையும் விட்டுட்டு ஒரே ஒரு தாளை, கத்திரி வச்ச மாதிரியா? படிச்ச கரையான்தான்."

"அதான் நான் சாட்சி இருக்கேனே! பாட்டுக் குழுவுல முதல் வரிசையில நின்னேன். மூக்குல தண்ணி ஏறி, ஆமென் சொல்ற இடத்துல தும்மினீங்க."

"அப்ப எனக்கே இருபது. உனக்குப் பதினேழு இருக்குமா?"

"அவ்வளவுதான் இருக்கும்," என்றாள், மேஜையைத் துடைத்துக்கொண்டே.

"மைனர்! மைனர் சாட்சியை எந்த அடிக்குறிப்புல போடுறது? பக்கத்துச் சபைக்காரங்க எங்களுக்கு நூத்திமூணு வருஷம்னு பீத்தினப்ப, பதிவைக் காட்டுன்னு கேட்டு மூணு வருஷத்தைப் பிடுங்கினவன் நான். முழுக்கு எடுக்காதவன் முன்னூறு பேருக்கு முழுக்குக் கொடுத்தான்னு நாளைக்கு எவனாவது எழுதினா என் மூஞ்சியை எங்க வச்சுக்கிறது?"

"அப்ப இன்னொரு தடவை முழுகிடுங்களேன்," என்றாள் சட்டென்று. "வெந்நீர் நான் போட்டு வைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை, சபையே பார்க்க, அறுபத்திரண்டு வயதில் வெள்ளை அங்கியோடு தொட்டிக்குள் இறங்கினார். முழுக்குக் கொடுக்க வந்தவர் பக்கத்துச் சபைப் போதகர். பறிபோன மூன்று வருஷத்துக்கு, வருஷத்துக்கு ஒரு நொடி வீதம் கூடுதலாக அழுத்திப் பிடித்தார். எழுந்ததும் தொட்டியே அதிர ஒரு தும்மல்.

"அன்னிக்கும் இதே தும்மல்தான்!" என்று கத்தினாள் மனைவி. சபை விழுந்து விழுந்து சிரித்தது. போதகர் மட்டும் சிரிக்கவில்லை. ஈரக் கையோடு பதிவேட்டில் பெயர், தேதி, வயது எல்லாம் எழுதி, கீழே கோடு போட்ட பிறகுதான் முகம் மலர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டே கடைசி அடிக்குறிப்பை எழுத உட்கார்ந்தார். அடுத்த அறையில் அவள் சத்தமில்லாமல் தையல் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியில் ஒரு பழுப்புத் தாள் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அவர் பெயர் இருந்ததால் எரிக்க மனசு வரவில்லை.

அவர் பெயருக்கு நேரே, வயது இருபது. அதற்கு மேல் வரியில், அவருக்கு இரண்டு மாதம் முன்னால் முழுகிய அவள் பெயருக்கு நேரே, வயது இருபத்துமூன்று.