வெட்டாத உளி

"நல்லா வெட்டாத உளி ஒண்ணு வேணும் பாய்."

வீணை செய்யும் ஆனந்தவள்ளி இதே வார்த்தைகளில்தான் கேட்டாளா என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது. பாலக்கரைப் பட்டறையில் இரும்பு அடித்துக்கொண்டிருந்த ரசூல் பாய் சுத்தியலைக் கீழே வைத்தது மட்டும் நிச்சயம்.

"என்ன தங்கச்சி, ஸ்ரீரங்கத்துல வெயில் அதிகமோ?"

"நிஜமாத்தான் பாய். மரத்தைப் பிராண்டிக்கிட்டே போகணும்."

"முப்பது வருஷமா வீணை செய்யறவங்களுக்கு உளி அடிக்கிறேன். வெட்டலைன்னு ஒருத்தர் திட்டினதில்ல. வெட்டுதேன்னு திட்ட நீங்க வந்திருக்கீங்க."

அவள் விஷயத்தைச் சொன்னாள். தில்லை நகரில் வீணை வகுப்பு நடத்தும் பிரேமலதா மேடம் முதலில் ஒரு வீணை கேட்டிருந்தார். பிடித்தால் மாணவிகளுக்காக இன்னும் பன்னிரண்டு. ரசூல் பாயின் உளியால் ஆனந்தவள்ளி இருபது நாள் பலாமரத்தைக் குடைந்தாள். மேல்பலகையால் மூடும் முன் பார்க்க வந்த மேடம் வீணைக் குடத்துக்குள் கையை விட்டுத் தடவினார். கண்ணாடி போல வழுவழுப்பு.

"மெஷின்ல பண்ணிட்டு கைவேலைங்கிறீங்களே! உளித் தடமே இல்லையே? கைவேலைன்னா தடம் இருக்கும், நான் யூடியூப்ல பாத்திருக்கேன்."

மேடத்துக்குப் பெரிய மனது. இன்னொரு வாய்ப்புத் தந்துவிட்டுப் போனார்.

"அதுவும் போச்சுன்னா என் பட்டறைய மூட வேண்டியதுதான் பாய்."

ரசூல் பாய் ஒரு இரும்புத் துண்டை உலையில் செருகினார்.

"வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை, செய்தித்தாளில் சுற்றிய உளியை அவள் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார்.

"எப்பவும் உளியில குத்தற உங்க பிறை முத்திரை இல்லையே பாய்?"

"இதுல அதை வேற குத்தணுமா? கொண்டு போங்க."

அற்புதமான உளி. எலி கரண்டியது போல மரத்தைக் கரண்டியது. இரண்டாவது குடத்தைத் தடவிப் பார்த்த மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதாங்க கைவேலை! உள்ள உயிர் இருக்கு பாருங்க. மெஷினால இப்படி முடியுமா?"

"முடியவே முடியாதுங்க மேடம்."

பன்னிரண்டு வீணைகளுக்கும் அங்கேயே சொல்லிவிட்டார். ஆனந்தவள்ளி மைசூர்பாகோடு பாலக்கரைக்கு ஓடினாள்.

"பாய், இவ்வளவு மோசமான உளி அடிக்க உங்களை விட்டா ஆளே இல்ல!"

"நான் அடிக்கல தங்கச்சி." ரசூல் பாய் மைசூர்பாகைத் தள்ளி வைத்தார். "மூணு அடிச்சுப் பாத்தேன். பாழாப்போனது, மூணும் நல்லா வெட்டித் தொலைச்சுது. கடைசியில சத்திரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு கடையில வாங்கினேன். முழுக்க மெஷின்ல பண்ணதாம்."

இரண்டாவது வீணையோடு பன்னிரண்டு கைவேலை வீணைகளும் தில்லை நகர் போய்ச் சேர்ந்தன. அந்த முதல் வீணை மட்டும், மெஷின் வேலை என்ற கெட்ட பெயரோடு, இன்னும் விலைபோகாமல் இருக்கிறது.