ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

மகன்கள் இருவரும் துண்டுக்குள் கையை விட்டபோது அவள் சிரித்துவிட்டாள்.

மலேசியாவின் லங்காவித் தீவு. கடற்கரை விடுதி. நீலக் கோடு போட்ட விடுதித் துண்டு.

பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டினார்கள். விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டியில் தாத்தா எப்படி விலை பேசுவார் என்று. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் பிடித்தால் ஐந்து. ஐந்தைப் பிடித்து, விட்டு, மறுபடி ஒன்றைப் பிடித்தால் ஆறு. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வாய் அதுபாட்டுக்கு வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கும்.

ஓர் இளநீருக்கு விலை பேசினார்கள். படிந்தது. பிள்ளைகள் கைதட்டிவிட்டு நீச்சல் குளத்துக்கு ஓடிவிட்டார்கள்.

கைகள் வெளியே வரவில்லை.

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

மூத்தவன் ஞானவேல் மெல்போர்னிலிருந்து வந்திருந்தான். இளையவன் தனராஜ் துபாயிலிருந்து. இருவரும் குடும்பத்தோடு. அவளுக்கு விருதுநகரிலிருந்து டிக்கெட் போட்டிருந்தார்கள். நாலு வருஷம் கழித்து எல்லோரும் ஒன்றுசேர வேண்டுமாம்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தீவு.

பேரத்துக்கு ஏற்ற இடம்தான். ஒருவன் வாசலில் இன்னொருவன் போய் நின்றால், நின்றவனுக்கு மதிப்பு இறங்கிவிடும்.

தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கால் கட்டை பதினெட்டாம் நாள் அவிழ்த்தாயிற்று. பேச்சு மட்டும் அவிழவில்லை. இனி அவளைத் தனியாக விட முடியாது என்று மகன்கள் தினமும் போனில் முடிவெடுத்தார்கள். தினமும் அவளுக்கும் சொன்னார்கள்.

கேட்கவில்லை. சொன்னார்கள்.

"அம்மா எங்ககூட வந்துரட்டும்டா. வீட்டுப் பக்கத்துலயே பார்க் இருக்கு," என்றான் மூத்தவன்.

துண்டுக்குள் தம்பியின் ஐந்து விரலையும் பிடித்தான். விட்டான். மூன்றைப் பிடித்தான்.

"அதெப்படிண்ணே? எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?" என்றான் இளையவன்.

நான்கைப் பிடித்தான்.

துண்டுக்குள் நடப்பது அவளுக்குத் தெரியும் என்பது அவள் புருஷனுக்கே கடைசிவரை தெரியாது. முப்பது வருஷம் மண்டிக்கு மதியச் சோறு கொண்டுபோனவள். சாப்பிடுகிறவர் கை கழுவும்வரை நின்றாக வேண்டும். நிற்கிறவள் எதையாவது பார்த்தாக வேண்டும். ஐந்தைப் பிடித்தால் முழங்கை லேசாக முன்னால் போகும். மூன்றுக்கு மணிக்கட்டு திரும்பும். துண்டு மறைப்பது விரலை மட்டும்தான்.

எட்டு. நான்கு.

எட்டு என்றால் எட்டு மாதம் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

சரக்கு எது என்பது அதற்குப் பிறகுதான் பிடிபட்டது.

மூத்த மருமகள் சாய்வு நாற்காலியில் புரண்டு படுத்தாள். "பாருங்க அத்தே, உங்களுக்காக ரெண்டு பேரும் எப்படி அடிச்சுக்கிறாங்கன்னு!"

"ஆமாம்மா," என்றாள்.

மூத்தவன் ஏழுக்கு இறங்கினான். நீ ஏழு மாதம் வைத்துக்கொள், மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

இளையவன் ஐந்துக்கு ஏறினான்.

ஆறு.

ஐந்து.

"குளிரு அம்மாவுக்கு ஒத்துக்காதேன்னுதான் பாக்கறேன். இல்லன்னா பேச்சே கிடையாது, எங்ககூடத்தான்."

ஆறு.

"துபாய் வெயில் மட்டும் என்னவாம்? இருந்தாலும் நான் பாத்துக்க மாட்டனாண்ணே?"

ஐந்து.

ஒரு மாதம் யாருக்கும் வேண்டாமல் நடுவில் கிடந்தது.

அது எந்த மாதமாக இருக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். அந்த மாதம் தன்னை எங்கே வைத்திருப்பார்கள் என்றும்.

மண்டியில் சரக்கு பேசாது. சாக்கைப் பிரிப்பார்கள். ஒரு வத்தலைக் கிள்ளி முகர்வார்கள். போன வருஷத்துச் சரக்கு என்று முகத்தைச் சுளிப்பார்கள். எந்தச் சாக்கும் எழுந்து வந்து மறுத்ததில்லை.

அவள் எழுந்தாள்.

மணலில் நான்கடி. கால் வலித்தது. வலிக்காத மாதிரி நடந்தாள்.

துண்டுக்குள் கையை விட்டாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூத்தவன் கையைத் தேடிப் பிடித்தாள். ஐந்து. விட்டாள். ஐந்து. விட்டாள். இரண்டு.

பிறகு இளையவனுக்கு. ஐந்து, ஐந்து, இரண்டு.

இரண்டு பேரிடமும் ஒரே விலை சொல்கிற வியாபாரியை எந்த மண்டியும் பார்த்திருக்காது.

பன்னிரண்டு மாதமும். அவ்வளவுதான் விரலால் சொல்ல முடியும். யாரிடம் என்பதற்கு வாய் வேண்டும்.

"யார்கிட்டம்மா?" மூத்தவன் குரல் இறங்கியிருந்தது.

"என்கிட்டயே."

மருமகள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "என்ன அத்தே, என்ன சொன்னீங்க?"

விடுதிப் பணியாள் வந்து, இன்னொரு துண்டு வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இளையவன் வேண்டாமென்று தலையாட்டினான். அவர் போய்விட்டார்.

மூத்தவன் கடலைப் பார்த்தான். இளையவனும் அதே கடலைத்தான் பார்த்தான். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை.

அவள் கையை உருவப் போனாள்.

உள்ளே ஒரு கை அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்தது. அதை மட்டும்.

ஒன்று.

நடுவில் கிடந்த அந்த ஒரு மாதமா, நடை பழகிய நாளில் பிடித்த பிடியா? யார் கை என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விரலை உருவவும் இல்லை.