ஸ்டூடியோவின் மணல் படம்

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க. ரெண்டே ரெண்டு போட்டோ."

வேன் ஓரங்கட்டியதும் உள்ளே எல்லோரும் முனகினார்கள். இரவு ஷிப்ட் முடிந்து, கண் எரிய வீடு திரும்புகிறவர்கள்.

பாலைவன மணல்மேடுகளைப் பார்க்கச் சாலையோரம் கம்பித் தடுப்பு போட்ட இடம் அது. மூன்று வாரமாகப் பேக்கிங் பிரிவுக்காரர் தினமும் அங்கே இறங்கிவிடுகிறார். ரெண்டு போட்டோ என்பார், கால் மணி நேரம் ஆகும். அவருக்கு 'ஸ்டூடியோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"மணலுக்கென்ன கல்யாணமா, தினம் ஆல்பம் போட?" என்றாள் டெஸ்பாட்ச் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

வெல்டருக்குத்தான் பொறுக்கவில்லை. ஏழு மணிக்கு அவன் மகள் பள்ளிக்கூட வண்டி ஏறிவிடுவாள். அவள் திரும்புவதற்குள் இவன் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். மூன்று வாரமாக அவன் பார்ப்பதெல்லாம் அவள் சாப்பிட்டு வைத்த தட்டைத்தான்.

இன்று ஆபீஸில் அவர்மேல் புகார் எழுதிக் கொடுத்துவிடுவது என்ற முடிவோடு அவனும் இறங்கினான்.

"எங்க, எடுத்ததையெல்லாம் காட்டுங்க பாப்போம்" என்று போனைப் பிடுங்கினான்.

சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது போன்.

ஸ்டூடியோ வேனின் பின்பக்கத்தைக் கண்ணால் காட்டினார். அங்கே டயரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்தபடியே, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார் டிரைவர்.

"சம்சாரம் ஆஸ்பத்திரில கிடக்கு தம்பி. பகல் முழுக்க அங்கதான் இருக்காரு. அன்னிக்கு இந்த வளைவுல வண்டி மணல்ல இறங்கப் பாத்துச்சு. நீங்கல்லாம் தூக்கம். தூங்குறதுக்கு அவரா நிறுத்துனார்னு தெரிஞ்சா வேலை போயிடும். நான் நிறுத்தச் சொன்னா, எனக்குத் திட்டு. அவ்வளவுதானே."

வெல்டர் போனைத் திருப்பிக் கொடுத்தான். மணி பார்த்தான். இப்போதே கிளம்பினால் மகளை வாசலிலாவது பார்த்துவிடலாம்.

டெஸ்பாட்ச் அக்கா ஜன்னலில் தலையை நீட்டி, முடிந்ததா இல்லையா என்று கேட்டாள்.

"இன்னும் வெளிச்சம் சரியா வரலக்கா" என்றான் வெல்டர். "கொஞ்சம் பொறுங்க. நானும் ஒண்ணு எடுத்துட்டு வந்துடறேன்."