கேமரா பிடிக்கத் தெரியாதவர்

"இதுல எதை அழுத்தினா போட்டோ விழும்?"

வீட்டுக்கு ஒரு சோபா வேணும்னு நான் கேட்டால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் இத்தனை பெரிய கேமராவை வாங்கி வந்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது? கேட்டது என் வீட்டுக்காரர்.

"மேலே பெரிசா ஒண்ணு இருக்கே, அது என்ன காலிங் பெல்லா?" என்றேன்.

"மெல்லப் பேசுங்க சிஸ்டர், பறவை ஓடிடும்" என்றார் பல் டாக்டர்.

ஏரிக்கரையில் பறவை பார்ப்பதற்கென்றே கட்டிய மரக்குடிசை. ஒரு பெஞ்சு, சுவரில் நீளமாக ஒரு திறப்பு. மூன்று பேர் உட்கார்ந்தால் மிச்ச இடம் கொசுவுக்குத்தான். இவர், நான், இவருடைய பள்ளித் தோழரான பல் டாக்டர்.

டாக்டர் எங்கள் ஊர் போட்டோ கிளப்பில் பெரிய ஆளாக இருந்தவர். கை நடுக்கம் வந்தது. முதலில் கிளினிக்கை மூடினார். பிறகு லென்ஸ்களையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். "சும்மா ஒரு படம் எடுங்களேன்" என்று யாராவது சொன்னால் போதும். "நடுங்கற கையால எடுத்ததை நீங்க பாவம் பார்த்துப் பாராட்டுவீங்க. அது எனக்கு வேண்டாம்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடுவார்.

வாசல் தாண்டாமல் கிடந்தவரை, "எனக்கு இதை ஓட்டத் தெரியலடா, கூட வந்து சொல்லிக் குடு" என்று கெஞ்சி இவர்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் இழுத்து வருகிறார். இந்த ஞாயிறு, அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன்.

"குடுடா இங்க" என்று டாக்டர் கேமராவைப் பிடுங்கினார். "எத்தனை தடவை சொல்றது? மண்டையில ஏறுதா பாரு. அந்தக் கொக்கு நிக்குதா? அது கண்ணைச் சுத்தி ஒரு சின்னக் கட்டம் வருதா?"

நானும் திரையை எட்டிப் பார்த்தேன். கொக்கு தலையைத் திருப்பியது, கட்டமும் திரும்பியது. கொக்கு கோரைப் புல்லுக்குள் நுழைந்தது. அத்தனை புல்லுக்கு நடுவிலும் கட்டம் அதன் கண்ணை விடவில்லை. என் பெண்ணை டியூஷனுக்கு அனுப்பிய காலத்தில் எனக்கு இப்படி ஒரு கண் இருந்திருக்கலாம்.

டாக்டரின் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. லென்ஸ் நுனிகூட ஆடியது. திரைக்குள் கொக்கு மட்டும் சட்டம் போட்டு மாட்டின மாதிரி நின்றது.

"படம் எடுக்கறீங்களா இல்லையா? சத்தமே காணோம்" என்றேன்.

"எடுத்துக்கிட்டேதான் இருக்கேன். இது சத்தமே போடாது. என் பழைய கேமரான்னா இந்நேரம் ஏரியே காலியாகியிருக்கும்."

அப்போது மீன்கொத்தி ஒன்று தண்ணீரில் நட்டிருந்த கம்பத்தில் வந்து உட்கார்ந்தது. டாக்டர் மூச்சைப் பிடித்தார். அது கல் மாதிரி விழுந்தது, எழுந்தது, போயே போய்விட்டது. அவர் விரல் அதற்குப் பிறகுதான் பட்டனில் இறங்கியது. என் கண்ணால் பார்த்தேன்.

"போச்சு" என்றேன்.

"போகல" என்று திரையைக் காட்டினார். அலகு நுனி தண்ணீரைத் தொடுகிற அந்த நொடி. ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை. "நாம அழுத்தறதுக்கு முன்னாடி நடந்ததையும் இது பிடிச்சு வச்சுக்கும் சிஸ்டர்."

பாராட்டுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. "நல்லா இருக்கு டாக்டர்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாவம் பார்த்துச் சொல்றீங்களா?"

"நான் யாருக்குப் பாவம் பார்த்திருக்கேன்?"

"அதுவும் சரிதான்" என்றவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகிறது.

"இது எப்படிடா தானா எடுத்துது?" என்று இவர் தலையை நுழைத்தார்.

"உனக்குச் சொன்னா விடிஞ்சிடும். போய்க் கார்ல இருக்கற இன்னொரு பேட்டரியைக் கொண்டு வா."

இவர் பரிசு வாங்கப் போகிறவர் போல எழுந்து போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த மனுஷனுக்கு எதுக்கு டாக்டர் இது? ஒரு பட்டன் உருப்படியாத் தெரியல. நாளைக்கே கடையில திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன்."

டாக்டர் கேமராவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"முன்னாடியே பிடிச்சு வைக்கிற அந்த வசதி, கடையிலேர்ந்து வரும்போது அணைஞ்சுதான் இருக்கும் சிஸ்டர். மெனுவுக்குள்ள எங்கேயோ ஒளிஞ்சிருக்கும், தேடிப் போய்ப் போடணும். முதல் நாள் நான் கையில வாங்கினப்பவே அது போட்டிருந்துது."

"கடைக்காரன் போட்டிருப்பான்."

"என் கட்டை விரல் நடுங்கித் தப்பாப் படற இடத்துல மூணு நாலு பட்டன் இருக்கு. ஒண்ணும் வேலை செய்யல. ரிப்பேர்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா, ஒவ்வொண்ணா அணைச்சு வச்சிருக்கு. கடைக்காரனுக்கு என் விரலைத் தெரியுமா?"

நான் கார் நின்ற பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"அப்ப அவருக்கு இதெல்லாம் தெரியுமா?"

"என்னைவிட நல்லாவே தெரியும்."

"வரட்டும், கேக்கறேன்."

வெளியே சரளைக் கல்லில் இவருடைய செருப்புச் சத்தம் நெருங்கியது. டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"கேட்டுடாதீங்க சிஸ்டர். நான் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சா அவன் நடிக்கறதை நிறுத்திடுவான். அப்புறம் நான் எந்தச் சாக்குல இதைத் தொடறது?"