நாற்பத்தொன்றாவது விளம்பரம்

மெத்தைக் கடையில் பஞ்சடைத்துக்கொண்டிருந்தவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். போட்டிக் கடையின் விளம்பரங்களை ஒரு ஏஐ ஏஜெண்ட் தினமும் தேடிப் பட்டியல் போடும். அது சரிதானா என்று அந்தக் கடையின் இணையப் பக்கத்தில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது இவர் வேலை.

பக்கத்தில் நாற்பது இருந்தன. பட்டியலில் நாற்பத்தொன்று. கடைசிப் படத்தில் முதுகு காட்டிக் கட்டிலில் படுத்திருந்தவள், இரண்டு வருஷமாகத் தேடியும் கிடைக்காத இவர் மகள். பின்கழுத்து மச்சம் பெற்றவருக்குத் தெரியாதா?

நாளுக்கு நாள் அவள் முகம் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியது. 'தவறு' என்று குறித்தால் ஏஜெண்டைத் திருத்திவிடுவார்கள், படமும் போய்விடும். மூன்று நாள் குறிக்க வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டார். நான்காம் நாள் மூக்கு நுனி தெரிந்தது. 'சரி' என்று குறித்தார்.

மேனேஜரம்மா வந்து நின்றாள். "என்னண்ணே, பஞ்சு தலைக்குள்ளயும் போயிடுச்சா? நாப்பதுதானே இருக்கு?"

"இன்னும் ஒரே ஒரு நாள் விட்டு வைங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தப்பா குறிச்சிருந்தா நாளைக்கு நீங்க வர வேண்டாம்." அவளே போட்டிக் கடையின் பக்கத்தைத் திறந்து கடைசிவரை தள்ளினாள். "அட, இருக்கே. நான்தான் கவனிக்கல."

அவர் எட்டிப் பார்த்தார். அதே கட்டில். போர்வை ஒதுங்கிக் கிடந்தது, ஆள் இல்லை. தலையணையில் தலை அழுந்திய பள்ளம் இன்னும் எழும்பவில்லை. இலவம்பஞ்சு எழும்ப எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். அவள் எழுந்து போய் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.